வியாழக்கிழமைக்காரி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எட்டு வருடம் அந்தப் பெயர் என் வீட்டில் ஒலித்தது போதும். சாப்பாட்டு மேஜையில், காரில், பாத்திரங்களை டிஷ்வாஷரில் அடுக்கும்போது, என் மகள் அனு வாயைத் திறந்தால் அந்தப் பெயர்தான். உன்னைவிட ஐம்பது வயது பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதே, ஆன்ட்டி என்று சொல் என்று சொல்லிப் பார்த்தேன். "ஷி வுட் ஹேட் தட், அம்மா" என்று பதில் வந்தது. நான் 'அந்தம்மா' என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

அந்தம்மா யிட்டிஷ் நாடக நடிகை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள் வீட்டில் பேசிய மொழி யிட்டிஷ். காதுக்கு ஜெர்மன் மாதிரி இருக்கும், எழுத்து எபிரேயம். நியூயார்க்கில் இன்னும் சில குழுக்கள் அதில் நாடகம் போடுகின்றன. அவர் பதினேழு வயதில் மேடை ஏறியவர். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில், எடிசனில். அவர் வீடு ஹைலண்ட் பார்க்கில், பத்து நிமிட டிரைவ்.

நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்குக்குத்தான் அவர் முதலில் வந்தார். வலது முழங்காலில் தேய்மானம். கைத்தடி வைத்திருந்தார், ஆனால் ஊன்றவில்லை. குடையை இடுக்குவதுபோல அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த தெரபிஸ்ட், சிகிச்சையால் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். வலி குறைய வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"ஆறு வாரத்துல ஒரு நாடகம். அதுல நான் பதினோரு நிமிஷம் முட்டி போட்டு இருக்கணும்."

"இப்ப இருக்கிற நிலைமையில முட்டி போடறது உங்களுக்கு நல்லதில்லையே."

"நான் உங்களைக் கேக்கலை. சொல்றேன்."

பேசியதெல்லாம் ஆங்கிலம். என் ஞாபகத்தில் தமிழாகவே தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். அவரை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இந்த வரியைத்தான் சொல்வேன். அவர் யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. செய்யப்போவதைச் சொல்லுவார். மற்றவர்கள் அதற்குத் தகுந்தபடி நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டும்.

கிளினிக்கில் நான் ஏய்ட். துண்டு மடிப்பது, ஐஸ் பேக் எடுத்து வருவது, நோயாளியை சைக்கிளில் உட்கார வைப்பது என் வேலை. ஊரில், திருச்சியில், நான் முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்ட். மூன்று வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். இங்கே லைசென்ஸ் இல்லை. நோயாளிக்கு யோசனை சொல்ல எனக்கு அனுமதியும் இல்லை. ஆனாலும் அவர் நடையைப் பார்த்ததும் கோளாறு முழங்காலில் மட்டும் இல்லை, இடுப்புத் தசையிலும் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. சைக்கிளின் சீட்டை உயர்த்துகிற சாக்கில் குனிந்து அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"இது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல நான் பிசியோதெரபிஸ்ட்."

"ஊர்லன்னா? இங்க விமானத்துலேர்ந்து இறங்கினதும் மறந்துபோச்சா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்கு அன்று இரண்டு துண்டுகள் மடிப்பு கோணிப்போயின.

மறுநாள் தெரபிஸ்டிடம், "இடுப்புக்கும் பயிற்சி கொடுங்க, எனக்கு அங்கதான் பலவீனம்" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆறாவது வாரம் இரண்டு டிக்கெட்டுகளை என் கையில் திணித்தார். என் கணவருக்கு அன்று ஆன்-கால் வேலை. கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்த அனுவை அழைத்துப்போனேன். நானேதான் அழைத்துப்போனேன். இதை நான் யாரிடமும் குறையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

அவர் முட்டி போட்டார். இறந்த மகனின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் தாயாக, பதினோரு நிமிடம், மேடையில் தனியாகப் பேசினார். பக்கவாட்டுத் திரையில் ஆங்கில மொழிபெயர்ப்பு எழுத்துகள் ஓடின. நான் அவற்றைப் படிக்கவில்லை. எடை இடுப்பில் சரியாக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கியது. திரும்பி அனுவைப் பார்த்தால், அவளும் எழுத்தைப் படிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. சின்ன வயதில் நான் சோறு ஊட்டும்போது அந்த வாய் அப்படித் திறக்கும்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அந்தம்மா வசனம் பாடம் செய்வதற்கு எதிரில் ஒருவர் உட்கார்ந்து மற்ற பாத்திரங்களின் வசனத்தை வாசிக்க வேண்டும். நாற்பது வருடமாக அதை வாசித்தவர் அவர் கணவர், ஓய்வுபெற்ற மருந்தாளுநர். அவருக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. அனு போய் உட்கார்ந்தாள். யிட்டிஷ் வசனங்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் வாசிப்பாள். முதலில் வாரம் ஒருநாள். பிறகு மூன்று நாள். அந்தம்மாவின் வாயையும் நாக்கையும் பார்த்துப் பார்த்து, கம்ப்யூட்டர் சயின்ஸை விட்டுவிட்டு, பேச்சு வராத குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் படிப்புக்கு மாறினாள். எங்களிடம் வந்து சொன்னாள். கேட்கவில்லை. அந்தத் தொனி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா.

நான் தமிழில் பேசினால் அனு ஆங்கிலத்தில் பதில் சொல்லுவாள். இங்கே பிறந்த குழந்தைகள் எல்லாமே அப்படித்தான் என்று சமாதானப்பட்டிருந்தேன். இப்போது அவள் அடுப்பங்கரையில் நின்று தோசை பொன்னிறமாவதற்குக் காத்திருக்கும்போது யிட்டிஷில் முணுமுணுப்பாள். ஏற்ற இறக்கத்தோடு, பெருமூச்சோடு. பத்தொன்பது வருடம் நான் ஊற்றிய மொழி அவள் காதோடு நின்றுவிட்டது. யாரோ ஒருத்தி ஊற்றியது ஆறே மாதத்தில் நாக்குக்கு வந்துவிட்டது.

"போற போக்குல நாம சைடுல எழுத்து ஓட விட்டுத்தான் உன் பொண்ணுகூடப் பேசணும் போல" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு எல்லாமே சிரிப்பு."

"அதுக்கு ஏன் தோசைக்கல்லை இந்த இடி இடிக்கிற?"

அந்தம்மாவின் முழங்காலுக்காக நானும் அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் காலை மடக்கி நீட்டி விடுவேன். அந்த வீட்டில் ஒத்திகை அறையின் கதவு மூடியிருந்தால் கணவர் தட்டிவிட்டு நிற்பார். உள்ளேயிருந்து குரல் வராவிட்டால் தேநீர்க் கோப்பையோடு திரும்பிப் போய்விடுவார். முகம் சுளிக்க மாட்டார். ஃபிரிட்ஜில் ஒரு காலண்டர் தொங்கும். அந்தம்மாவின் ஒத்திகைகள் சிவப்பு மையில், கணவருடைய வேலைகள் நீலத்தில். இரண்டு பேரும் அதைப் பார்த்து நடந்துகொள்வார்கள். "நாளைக்கு நான் பாஸ்டன் போறேன், நாலு நாள்" என்று அந்தம்மா சொல்ல, "நீல சூட்கேஸ் சக்கரம் உடைஞ்சிருக்கு, என்னோடதை எடுத்துக்கோ" என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். அவ்வளவுதான் உரையாடல்.

என் வீட்டில் யாரும் எனக்குத் தடை போட்டதில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "நீ வேணும்னா லைசென்ஸுக்குப் படியேன், நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்று என் கணவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். படித்தேன். சமைத்து, அனுவைக் கொண்டுவிட்டு, கூட்டிவந்து, வீட்டுப்பாடம் பார்த்து, பாத்திரம் ஒழித்துவைத்த பிறகு என்ன நேரம் மிஞ்சியதோ அதில் படித்தேன். இரண்டு முறை தேர்வு எழுதினேன். மூன்றாவது முறை விண்ணப்பப் படிவம் மேஜை இழுப்பறையிலேயே பழுத்துப்போனது.

அந்தம்மாவைத் தெய்வமாக்க நான் தயாரில்லை. அனுவின் பட்டமளிப்புக்கு நாங்கள் வைத்த விருந்துக்கு அவர் வரவில்லை. "ஒத்திகை இருக்கு, வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். வருத்தம், மன்னிப்பு என்று எந்த ஒட்டுவேலையும் இல்லை. அனுவின் முகம் வாடியது. அன்று நான் பால் பாயசத்தை இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன்.

எனக்கு இருந்த ஒரே ஆறுதல் வியாழக்கிழமை. அனுவுக்குப் பள்ளியில் வேலை கிடைத்துத் தனி அபார்ட்மென்டுக்குப் போன பிறகும், வியாழன்தோறும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவாள். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. அன்றைக்கு மட்டும் நான் கிளினிக்கிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பிவிடுவேன். பூண்டுக் குழம்பு, உருளைக்கிழங்கு ரோஸ்ட், சுட்ட அப்பளம். வாரத்தில் மற்ற நாளெல்லாம் அந்தம்மா எடுத்துக்கொள்ளட்டும், ஒருநாளை என் மகள் எனக்கென்று ஒதுக்கியிருக்கிறாள் என்று இருந்தேன்.

சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பையன், கார்த்திக். அனுவே பேசிப் பழகி, பிடித்திருக்கிறது என்று சொல்லி, நிச்சயம் செய்தோம். அவள் கலிஃபோர்னியா போய், அங்கே புதிதாக லைசென்ஸ் வாங்கி, வேலை தேட வேண்டும். எல்லாம் பேசி முடித்து மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு புதன்கிழமை போன் செய்தாள். கல்யாணம் வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம்.

"ஏண்டி? அவன் என்ன பண்ணான்?"

அவன் ஒன்றும் பண்ணவில்லை, நல்லவன்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு கேள்விதான் கேட்டாளாம். வாரத்தில் எந்த நாளை எனக்குத் தருவாய்? அவன் சிரித்து, "சண்டே. வேலையில ரிலீஸ் இல்லாத சண்டே" என்றானாம்.

"இதுக்கா? இதுக்குப் போயா ஒருத்தி கல்யாணத்தை நிறுத்துவா?"

"யூ வோன்ட் அண்டர்ஸ்டாண்ட், அம்மா."

எனக்குப் புரியாது. புரியும்படி வேறொருத்திதான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மறுநாள் கிளினிக்கில் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேராக ஹைலண்ட் பார்க் போனேன். அழைப்பு மணியை மூன்று முறை அடித்தேன். கதவைத் திறந்தவர் அந்தம்மாவின் கணவர். இடுப்பில் ஏப்ரன், கையில் மாவு. உள்ளே அடுப்பங்கரை மேஜையில் அந்தம்மாவும் கையெல்லாம் மாவோடு உட்கார்ந்திருந்தார்.

கணவர் தயக்கத்தோடு, "இன்னிக்கு வியாழக்கிழமை" என்றார்.

"தெரியும்."

"இல்லை, வியாழக்கிழமை நாங்க கதவு திறக்கறதில்லை. போனும் எடுக்க மாட்டோம். அனு சொல்லலையா? அவளே அன்னிக்கு இங்க வர மாட்டாளே. அதனாலதானே வியாழன்ல உங்க வீட்டுக்கு வர்றா."

அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த மனிதருக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது. என் பூண்டுக் குழம்பு, என் ஒரு மணி நேரம், எல்லாம் இந்த வீட்டுக் கதவு மூடியிருக்கும் நாளில் மிஞ்சியது.

அந்தக் கோபத்தில், "என் பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்க. உங்களுக்குன்னு ஒரு பிள்ளை இருந்திருந்தா இதைச் செய்திருக்க மாட்டீங்க" என்றேன்.

கணவர் ஏப்ரனில் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தம்மா என்னை உட்காரச் சொன்னார்.

"நான் அவளைக் கல்யாணம் பண்ணிக்கோன்னுதான் சொன்னேன். பையன் நல்லவன், பேசிப் பாருன்னு சொன்னேன். அவ என் பேச்சைக் கேக்கலை. அவ என் பேச்சையும் கேக்கறதில்லைங்கிறது உனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்."

"அந்த நாள் கணக்கு நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே?"

"அது என்னோட யோசனையே இல்லை. இவரோடது."

கணவர் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் அந்தம்மா அவரிடம், நாடகத்தை விட மாட்டேன், ஆனால் திங்கட்கிழமை முழுக்க உனக்கு என்றாராம். திங்கட்கிழமை தியேட்டர்களுக்கு விடுமுறை. "நாடகத்துக்கு வேண்டாத நாளை எனக்குக் குடுக்கறியான்னு கேட்டேன். காட்சி இருக்கிற நாள்ல ஒண்ணு கொடு, இல்லைன்னா நான் மருந்துக்கடைக்கே திரும்பிப் போறேன்னேன்."

"ரெண்டு மாசம் இவர்கூடப் பேசலை" என்றார் அந்தம்மா. "அப்புறம் வியாழக்கிழமையைக் கொடுத்தேன். பதிலுக்கு மீதி ஆறு நாள்ல இவர் ஒரு கேள்வி கேக்கக் கூடாது. கேட்டதில்லை. அந்த வியாழக்கிழமையால எத்தனை வேஷம் போச்சுன்னு உனக்குத் தெரியுமா? ஒரு தடவை, என் வாழ்நாள்லயே பெரிய வேஷம். வியாழன் வர மாட்டேன்னேன். வேற ஒருத்திக்குக் கொடுத்துட்டாங்க. நாங்க வியாழக்கிழமைக்கே டிக்கெட் வாங்கிட்டுப் போய் முன்வரிசையில உட்கார்ந்து பார்த்தோம்."

"எப்படி நடிச்சா?"

"நல்லா நடிச்சா. அதுதான் கஷ்டம். வீட்டுக்கு வந்து நாலு தட்டை உடைச்சேன்."

"அஞ்சு" என்றார் கணவர்.

நான் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்று ஞாபகமில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. காரில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் இருந்தேன். அவர்மேல் பொறாமைப்பட என்னிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. மேடை, மொழி, என் மகள். அன்றைக்குத்தான் புதிதாக ஒன்று சேர்ந்தது. மிச்சம் மீதியைக் கொடுக்காதே என்று சண்டை போட்டு ஒரு நாளைக் கேட்டு வாங்குமளவுக்கு அவரை ஒருவர் விரும்பியிருக்கிறார். என்னிடம் அப்படி யாரும் சண்டை போட்டதில்லை. நானும் யாரிடமும் போட்டதில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டேன், கேட்காததையும் கொடுத்தேன்.

அன்று சாயங்காலமும் அனு வந்தாள். சமைத்திருக்கவில்லை. பிரெட் டோஸ்ட் போட்டேன்.

"வியாழக்கிழமை நீ ஏன் இங்க வர்ற?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆரம்பத்தில் அவர்கள் வீடு மூடியிருக்கும் என்பதால்தான் வந்தாள் என்று சொன்னாள். பொய் சொல்லாமல் வளர்த்தது நான்தான். "இப்ப?" என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். இப்போது பழகிவிட்டது என்றாள். என் கணவர் எழுந்து போய் இன்னும் இரண்டு டோஸ்ட் போட்டுக் கொண்டுவந்தார்.

அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. முழங்காலுக்கு அவர் வேறு யாரையோ பார்த்துக்கொண்டார். அனு வழக்கம்போல வியாழன் தவிர மற்ற நாள்களில் அங்கே போய்வந்தாள். நான் சொன்ன வார்த்தையைப் பற்றி அந்தம்மா அவளிடம் மூச்சுவிடவில்லை என்பது அவள் என்னிடம் பேசுகிற விதத்தில் தெரிந்தது. அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். பக்கவாதம், காலையில் காலண்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது. யூதர்கள் தாமதிக்க மாட்டார்கள், மறுநாளே அடக்கம். எங்கள் குடும்பத்தில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. நான் போனேன். வாழ்க்கையில் முதல் தடவை.

பனி உறைந்த மண் குவியலில் ஒரு மண்வெட்டி செருகியிருந்தது. குழியை மூடுவது இறந்தவருக்குச் செய்யும் கடைசி உதவி, அவரால் திருப்பிச் செய்ய முடியாத உதவி என்று அவர்கள் குரு சொன்னார். முதல் மண்ணை மண்வெட்டியின் முதுகால் அள்ளிப் போட வேண்டுமாம், அவசரமில்லை என்று காட்டுவதற்காக. அந்தம்மாவின் கணவர் போட்டார். பெரும்பாலும் சிந்திவிட்டது. அடுத்து, நெருங்கிய உறவினர் வரிசையில், அனு போனாள். அழுதுகொண்டே மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அள்ளினாள். என் மகள் அப்படி உடம்பு குலுங்க அழுது நான் பார்த்ததில்லை. எனக்காக இப்படி அழுவாளா என்று நினைத்தேன். அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் நினைத்தது அதைத்தான்.

அவள் போட்டு முடித்ததும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். கொடுக்காமல் மண்வெட்டியைக் குவியலில் குத்திவிட்டு நகர்ந்தாள். இங்கேகூடவா என்று தோன்றியது. அவள் அருகில் வந்து, கையிலிருந்து கைக்குக் கொடுக்க மாட்டார்கள், துக்கத்தை ஒருவர் இன்னொருவரிடம் தரக் கூடாது என்று காதோடு ஆங்கிலத்தில் சொன்னாள்.

நானே பிடுங்கி எடுத்தேன். மண்வெட்டியை முதுகுப் பக்கம் திருப்ப மறந்துவிட்டேன். மரப்பெட்டியின்மேல் மண் விழும் சத்தம் நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தது. மற்றவர்கள் மூன்று முறை போட்டுவிட்டு நகர்ந்தார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நான் எண்ணவில்லை. பெட்டியின் மரம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அது தெரியாமல் போகும்வரை போட வேண்டும் என்று இருந்தது. குனிந்து, அள்ளி, போட்டேன். இடுப்பில் எடையை இறக்கிச் செய்தேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. பத்தோ பன்னிரண்டோ ஆன பிறகு அனு வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா. ஸ்டாப்."

அந்தம்மாவின் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மங்கிய கண்ணால் என் முகத்தைத் தேடினார். "அவளுக்கு யாரும் இவ்வளவு செய்ததில்லை" என்றார்.

திரும்பும்போது என் கணவர் காரை ஓட்டினார். அனு பின்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, மண் ஒட்டிய என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்தம்மாமேல் எவ்வளவு பிரியம் என்று அவளுக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதாம். எடிசன் வரும்வரை கையை விடவில்லை. நான் எதையும் விளக்கவில்லை. கையை எடுத்துக்கொள்ளவும் இல்லை.